காபியும் மூலிகையும் ஒரே கிளாஸில்: விழுங்கிய பிறகு எது நிற்கிறது?

காபி கலந்த மூலிகை லிக்யூர்களில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். முதல் மிடறை வைத்து முடிவு பண்ணாதீர்கள். முதல் மிடறில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். சர்க்கரை இருக்கிறது, காபி மணம் இருக்கிறது, தொண்டையில் இறங்கும் சூடு இருக்கிறது, யாருக்குத்தான் பிடிக்காது? விழுங்கிவிட்டு அரை நிமிடம் பேசாமல் இருந்து பாருங்கள். அப்போது வாயில் நிற்பது காபியா, மூலிகையா, இரண்டும் கைகோத்தா, இல்லை உதட்டில் ஒட்டும் வெறும் பிசுபிசுப்பா? நான் இந்த அலசல் முழுக்க அந்த அரை நிமிடத்தைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

பெயர்க் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். லிக்கர் என்றால் பொதுவாக மது. லிக்யூர் என்பது பழமோ மூலிகையோ கொட்டையோ ஊறவைத்து மணமேற்றி, சர்க்கரை சேர்த்த மது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி லேபிளில் லிக்யூர் என்று போட வேண்டுமானால் ஆல்கஹால் குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும், சர்க்கரையும் ஒருசில வகைகள் தவிர லிட்டருக்கு 100 கிராமாவது இருக்க வேண்டும். நூறு கிராம் என்பது கொஞ்சம் இல்லை. ஆக இந்த வகையில் எதை எடுத்தாலும் இனிப்பு இருந்தே தீரும், அந்த இனிப்பை எதிர்த்து நிற்க என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இத்தாலியில் கசப்பு மூலிகை வகைக்கு அமாரோ என்று பெயர், அந்தச் சொல்லுக்கே கசப்பு என்றுதான் பொருள்.

சரி, கசப்புக்கு வருவோம். காபியின் கசப்புக்குக் காரணம் கஃபீன்தான் என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் அதில் கஃபீனின் பங்கு சிறியதுதான். கொட்டையை வறுக்கும்போது குளோரோஜெனிக் அமிலங்களிலிருந்து உருவாகும் லாக்டோன்கள், இன்னும் கருக்க வறுத்தால் வரும் ஃபீனைல் இண்டேன்கள், இந்தக் கசப்புச் சேர்மங்கள்தான் பெரும்பகுதி. மூலிகைக் கசப்பு வேறு ஆள். அமாரோ வகைகளில் பரவலாகச் சேர்க்கப்படும் ஜென்ஷன் வேரில் இருக்கிற அமரோஜென்டின், இயற்கையில் கிடைக்கும் பொருட்களிலேயே மிகவும் கசப்பானவற்றில் ஒன்று. என் நாக்கில் இந்த இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. காபிக் கசப்பு சட்டென்று வந்து லேசான துவர்ப்போடு நின்றுவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடும். வேர்க் கசப்பு மெதுவாக வந்து அடிநாக்கில் உட்காரும், உட்கார்ந்தால் எழுந்திருக்காது. காபி கிளம்புவதற்கும் மூலிகை வந்து சேர்வதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது பாருங்கள், அந்த இடைவெளியை எப்படி நிரப்புகிறார்கள் என்பதில்தான் ஒரு பாட்டிலுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் இருக்கிறது.

நான் ருசி பார்த்த முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரியான சின்னக் கிளாஸ்கள், ஒவ்வொன்றிலும் 15 மில்லிக்கு மேல் இல்லை, நடுவில் தண்ணீர், இரண்டு மாலைகளில் பிரித்துச் செய்தேன். ஒவ்வொன்றையும் மூன்று நிலைகளில் பார்த்தேன்: இரவு முழுக்க ஃப்ரீசரில் இருந்தது, ஃப்ரிட்ஜில் இருந்தது, அறையின் சூட்டில் இருந்தது. இந்த மூன்று நிலைகள் வேண்டாத வேலை என்று தோன்றலாம். அப்படி இல்லை. ஒரே பாட்டில் மூன்று நிலையிலும் மூன்று வேறு பானம் மாதிரி நடந்துகொண்டது, அதில் நான் எதிர்பார்க்காததும் இருந்தது.

முதலில் ஜேகர்மைஸ்டர் கோல்ட் ப்ரூ காபி (கோல்ட் ப்ரூ என்றால் குளிர்ந்த தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் காபி), இந்த வகையில் பெரும்பாலானோர் முதலில் கேள்விப்படுவது இதைத்தான். அடிப்படை ஜேகர்மைஸ்டர் ஜெர்மனியின் வுல்ஃபன்பியூட்டல் ஊர்க்காரது. குர்ட் மாஸ்ட் 1934-ல் செய்முறையை உருவாக்கி, 1935-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 56 மூலிகைகள், வேர்கள், பழங்கள், தோல்கள், ஓக் பீப்பாயில் ஏறக்குறைய ஒரு வருடம், ஆல்கஹால் 35 சதவீதம். கோல்ட் ப்ரூ பாட்டிலில் அதோடு அராபிகா காபியும் கொக்கோவும் சேர்கின்றன, ஆல்கஹால் 33 சதவீதம்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஊற்றும்போது இது தண்ணீர் மாதிரி விழுவதில்லை, மெல்லிய பாகு மாதிரி இழுத்துக்கொண்டு இறங்குகிறது. கிளாஸைச் சாய்த்தால் ஓரத்தில் ஒரு பழுப்புத் திரை ஒட்டிக்கொண்டு நிதானமாகக் கீழே வழிகிறது. மூக்கை வைத்தால் முதலில் ஒன்றுமே இல்லை, அவ்வளவு குளிர்ச்சி. வாயில் வைத்ததும் வறுத்த கொட்டை, கொஞ்சம் இருண்ட சாக்லேட், இரண்டு விநாடி கழித்து அன்னாசிப்பூ, அதற்குப் பின்னால் ஆரஞ்சுத் தோல். விழுங்கிய பிறகு? காபி போய்விடுகிறது. அந்த இடைவெளியில் கொக்கோ வந்து நிற்கிறது, நின்று மூலிகையைக் கையில் வாங்கிக்கொள்கிறது. குளிரில் இனிப்பு நாக்குக்கு மங்கலாகத்தான் தெரியும், நாக்கின் இனிப்பு உணர்வே சூட்டைப் பொறுத்தது, அதனால் இந்த நிலையில் எல்லாம் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால் இவ்வளவு கச்சிதமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அதே பாட்டில் அறையின் சூட்டுக்கு வந்ததும் தடுமாறுகிறது. இனிப்பு முன்னால் வந்துவிடுகிறது, கொக்கோ சாக்லேட் மிட்டாய் மாதிரி ஆகிவிடுகிறது, காபி என்ற பெயரில் இருப்பது காபியின் மணம்தானே தவிர, காபியின் கசப்பும் துவர்ப்பும் இல்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. அரை நிமிடம் காத்திருந்தால் அதிமதுரம் மாதிரியான ஒரு இனிப்பும் சோம்பும் மட்டும் நிற்கின்றன. குறை என்று சொல்ல மாட்டேன், இது உறையக் குளிரவைத்துக் குடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஆனால் காபிப் பிரியர்கள் காபிக்காக இதை வாங்கினால் ஏமாற்றம்தான். ஜேகர்மைஸ்டர் பிடித்தவர்கள், அதன் சோம்பு வேகம் கொஞ்சம் தணிந்தால் நன்றாக இருக்குமே என்று நினைப்பவர்கள் வாங்கலாம்.

அப்புறம் இயல்பாகவே ஒரு கேள்வி வருகிறது. சாதாரண ஜேகர்மைஸ்டரில் நாமே காபியைக் கலந்துகொண்டால் என்ன? நான் கலந்து பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டிய அடர்த்தியான கோல்ட் ப்ரூ ஒரு பங்கு, ஜேகர்மைஸ்டர் மூன்று பங்கு. கணக்குப் போட்டால் ஆல்கஹால் 26 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். சர்க்கரையும் அதே அளவுக்குத் தளர்கிறது, அதுதான் முக்கியம்.

ஃப்ரிட்ஜ் குளிரில் இந்தக் கலவை கோல்ட் ப்ரூ பாட்டிலைத் தோற்கடித்துவிட்டது. காபி உண்மையான காபியாக இருந்தது, துவர்ப்போடு, லேசான புளிப்போடு. இடைவெளியில் அந்தத் துவர்ப்பு நின்று, சோம்பு மெதுவாக அதன் மேல் படர்ந்தது. கொட்டை பழவாசனை உள்ள மெல்லிய வறுவலாக இருந்தால் ஆரஞ்சுத் தோலோடு சேர்ந்துகொள்கிறது, கருக்க வறுத்ததாக இருந்தால் அதிமதுரப் பக்கம் சாய்கிறது. இப்படி நம் கையில் திருகு இருப்பது பாட்டிலில் கிடைக்காத சுகம். ஆனால் ஃப்ரீசரில் வைத்தால் இது தோற்றுப்போகிறது, தண்ணீர் கூடியதால் அந்தப் பாகுத் தன்மை போய்விடுகிறது, வாயில் மெலிந்து ஓடுகிறது. சூடான எஸ்பிரெஸ்ஸோவையும் கலந்து பார்த்தேன். ஆவியோடு சேர்ந்து ஆல்கஹால் மூக்கில் குத்துகிறது, மூலிகைகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு எழுகின்றன, எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது ரீகர் காஃபே அமாரோ. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1887-ல் தொடங்கிய ஜே. ரீகர் என்ற பழைய வடிசாலையின் பெயரை 2014-ல் மறுபடி உயிர்ப்பித்தார்கள், அவர்கள் செய்வது இது. ஆல்கஹால் 31 சதவீதம். மற்றதெல்லாம் ஏற்கெனவே இருந்த ஒரு மூலிகை மதுவில் காபியைச் சேர்த்ததோ, ஒரு காபி மதுவில் மூலிகையைச் சேர்த்ததோ. இது ஆரம்பத்திலிருந்தே இரண்டையும் மனதில் வைத்துச் செய்தது, அது ருசியில் தெரிகிறது.

இதற்கு அறையின் சூடுதான் சரி. கிளாஸில் ஊற்றி ஒரு நிமிடம் விட்டேன். முதலில் எழுந்தது காபி இல்லை, ஆரஞ்சு. அதன் அடியிலிருந்து ஏலக்காயும் காபியும் ஒன்றாக வந்தன, எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியவில்லை. வாயில் வைத்ததும் இனிப்பு இருக்கிறது, ஆனால் அடங்கி இருக்கிறது. பிறகு காபியின் கசப்பு, அது கிளம்புவதற்குள்ளாகவே வேரின் கசப்பு வந்து தோளில் கை போட்டுக்கொள்கிறது. நான் மேலே சொன்ன இடைவெளியே இதில் இல்லை. இதை எழுதும்போது அந்த மிடறு ஞாபகத்துக்கு வருகிறது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அரை நிமிடம் கழித்தும் வாயில் காபி இருந்தது, ஒரு நிமிடம் கழித்து ஆரஞ்சுத் தோலைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு, அதுவும் அளவாக. ஐந்து மில்லி தண்ணீர் விட்டுப் பார்த்தேன், மணம் இன்னும் விரிந்தது. ஃப்ரீசரில் வைத்ததோ பாழ். ஏலக்காய் காணாமல் போய்விட்டது, ஆரஞ்சு ஊமையாகிவிட்டது, மிச்சம் இருந்தது கசப்பான பாகு மட்டும். இந்த வகையில் எல்லாவற்றையுமே உறைய வைத்துக் குடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்தப் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது ஒரு கலவைதான், ஆனால் இரண்டு பாட்டில்களின் கலவை. ஃபெர்னெட் பிராங்கா ஒரு பங்கு, காஃபே போர்கெட்டி இரண்டு பங்கு.

இந்த இரண்டுக்கும் பின்னால் நல்ல கதை இருக்கிறது. போர்கெட்டி 1860-ல் இத்தாலியின் அன்கோனாவில் பிறந்தது. அன்கோனாவிலிருந்து பெஸ்காரா வரை ரயில் பாதை வந்த காலம், உகோ போர்கெட்டி என்பவர் ரயில் நிலையத்து பாரில் பயணிகளுக்காக எஸ்பிரெஸ்ஸோவையும் மதுவையும் கலந்து இந்த லிக்யூரை உருவாக்கினார் என்பது அந்த நிறுவனமே சொல்லும் வரலாறு. இத்தாலியக் கால்பந்து மைதானங்களில் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் பாட்டில்களில் விற்கப்பட்டதால் அங்கே பல பேருக்கு இது ஆட்டத்தின் ஞாபகம். ஆல்கஹால் 25 சதவீதம். மூலிகை கிடையாது, காபி, சர்க்கரை, மது, அவ்வளவுதான். ஃபெர்னெட் பிராங்கா 1845-ல் மிலானில் பெர்னார்டினோ பிராங்கா தொடங்கியது, 27 மூலிகைகள், குங்குமப்பூ, வெள்ளைப்போளம், ருபார்ப், சாமந்தி இனத்து கேமமைல் என்று போகும் பட்டியல், 39 சதவீதம். இன்று இரண்டும் ஒரே பிராங்கா குடும்ப நிறுவனத்தின் பாட்டில்கள்தான்.

போர்கெட்டி தனியாக ஒரு காபி லிக்யூராக எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் தனியாக இருக்கும்போது அது இனிப்புக் காபி, அதற்கு மேல் எங்கும் போகாது. ஃபெர்னெட் தனியாக வந்தால் நேருக்கு நேர் மோதும். புதினாவைப் போன்ற குளிர்ச்சி, மருந்துக் கசப்பு, கஷாயத்தை மடமடவென்று குடித்த மாதிரி கண் ஒரு கணம் மூடிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தால் ஆல்கஹால் ஏறக்குறைய 30 சதவீதத்தில் நிற்கிறது, போர்கெட்டியின் சர்க்கரை ஃபெர்னெட்டின் கூர்மையை மழுக்குகிறது, ஃபெர்னெட்டின் கசப்பு போர்கெட்டிக்கு முதுகெலும்பு தருகிறது. விழுங்கிய பிறகு காபி நிற்கிறது, அதன் பின்னால் அந்தக் குளிர்ச்சி மூச்சோடு வெளியே வருகிறது. ஒரே ஐஸ் கட்டி போட்டு, மெதுவாகக் கரையவிட்டுக் குடித்தபோது இன்னும் நன்றாக இருந்தது. அளவு மட்டும் கவனம். ஃபெர்னெட் பாதிக்குப் பாதி போனால் காபி இருந்த இடமே தெரியாது. நான் முதலில் அப்படித்தான் கலந்தேன், ஒரு பங்குக்கு இரண்டு என்று மாற்றிய பிறகுதான் வழிக்கு வந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இவை பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், இதே வீடு இல்லை. ஆஸ்திரேலியாவின் மிஸ்டர் பிளாக், 23 சதவீதம், கோல்ட் ப்ரூ காபியை முன்னால் நிறுத்துகிறது, காபி மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். கலிஃபோர்னியாவின் செயின்ட் ஜார்ஜ் நோலா, எத்தியோப்பியாவின் யிர்காசெஃப் காபியும் சிக்கரி வேரும் வனிலாவும் சேர்ந்தது, 25 சதவீதம். சிக்கரி ஒரு வேர் என்பதால் அதில் ஒரு மண்வாசனை உள்ள கசப்பு கிடைக்கிறது, மூலிகைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்த காபி என்று சொல்லலாம். 1936-ல் மெக்சிகோவின் வெராக்ரூஸில் தொடங்கிய கலுவா எல்லோருக்கும் தெரிந்ததுதான், பாலோடும் ஐஸ்கிரீமோடும் நன்றாக இருக்கும், இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் இனிப்பு தூக்கலாக இருக்கிறது. ஸ்பெயினின் லிக்கோர் 43-ஐ எஸ்பிரெஸ்ஸோவோடு ஐஸில் கலக்கி கராஹிய்யோ என்று குடிப்பதும் இந்தப் பக்கம்தான், ஆனால் வனிலா எல்லாவற்றையும் போர்த்திவிடுகிறது, கசப்பைத் தேடிப் போனவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். காபி சேர்ந்திருப்பதால் போதை ஏறாது, தெளிவாக இருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தவறு. கஃபீன் களைப்பை மறைக்கும், ரத்தத்தில் இருக்கிற ஆல்கஹாலைக் குறைக்காது. அமெரிக்காவில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 நவம்பரில் கஃபீன் சேர்த்த மால்ட் மதுபானம் (முளைகட்டிய தானியத்தில் செய்யும், பீர் வகை மது) செய்த நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதற்குக் காரணமே இதுதான், குடிப்பவருக்குத் தான் எவ்வளவு போதையில் இருக்கிறோம் என்பது தெரியாமல் போய்விடுகிறது. அங்கே கஃபீனைத் தனியாகச் சேர்த்திருந்தார்கள், அளவும் வேறு, ஆனால் உடம்பு அந்த வித்தியாசமெல்லாம் பார்க்காது. அதுவும் உறையக் குளிர்ந்த 33 சதவீதம் தொண்டையில் ஒரு எரிச்சலும் இல்லாமல் இறங்கும்போது எத்தனையாவது கிளாஸ் என்ற கணக்கை எண்ணிக்கொண்டே இருங்கள். இரவு தூக்கமும் கெடும், இரண்டு மாலையுமே நான் படுத்தது நள்ளிரவுக்குப் பிறகுதான்.

வாங்குவது ஒன்றே ஒன்று என்றால் நான் ரீகரை எடுப்பேன். அது கிடைக்காவிட்டால் போர்கெட்டியும் ஃபெர்னெட்டும், இரண்டு பாட்டில் என்பதால் செலவு கூடும், ஆனால் இரண்டும் தனித்தனியாகவும் உதவும். ஏற்கெனவே ஜேகர்மைஸ்டர் இருக்கிற வீட்டில் கோல்ட் ப்ரூ பாட்டிலையும் வாங்க வேண்டுமா என்றால், நாலு பேர் கூடும் இடத்தில் ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே ஊற்ற வேண்டும் என்றால் வாங்குங்கள், தனியாக உட்கார்ந்து நிதானமாகக் குடிப்பவர் என்றால் காபியை ஊறவையுங்கள், போதும்.

இரண்டாவது மாலை கிளாஸ்களைக் கழுவாமல் வரிசையாக அப்படியே விட்டுவிட்டேன், காலையில் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கலாம் என்று. கோல்ட் ப்ரூ கிளாஸின் அடியில் ஒரு பழுப்பு வளையம் பளபளவென்று காய்ந்திருந்தது, விரல் வைத்தால் ஒட்டியது, வாசனை முழுக்கச் சோம்பும் கொக்கோவும்தான். ஃபெர்னெட் கலவையின் கிளாஸில் புதினாக் குளிர்ச்சி அப்படியே இருந்தது, காபி லேசாக. ரீகரின் கிளாஸில் ராத்திரி வந்த அதே ஆரஞ்சு, அதன் அடியில் காபித்தூள் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு மணம். நானே காபி ஊறவைத்துக் கலந்த கிளாஸ்தான் ஏமாற்றியது. ராத்திரி அவ்வளவு உயிரோடு இருந்த காபி, காலையில் ஆறிப்போன பழைய காபியின் புளித்த வாசனையாக மாறியிருந்தது. மீதியை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன், அதையும் திறந்து பார்த்தேன், அதுவும் மங்கத் தொடங்கியிருந்தது. இப்போதெல்லாம் அன்றன்றைக்குத் தேவையான அளவுதான் கலக்கிறேன்.